குழந்தை இறப்பு வீதம்: காலவாரி ஒப்பீடும் கலைச்சொற் சிக்கலும்

இந்தியாவில் குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்துள்ளது என்னும் தொடர் நலவாழ்வு அறிக்கைகளிலும் அவற்றின் தமிழாக்கங்களிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. அத்தொடர் உண்மையே. ஆயினும் எவ்வளவு குறைந்துள்ளது என வினவினால் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. 1992-93இல் நடைபெற்ற முதலாம் தேசியக் குடும்பநல ஆய்வு 109 என்கிறது. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டறிக்கை 28 என்கிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இறப்பு ஒழிந்தது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் முதல் எண் ஐந்து வயது நிறைவதற்குள் இறப்போரைக் குறிப்பது. இரண்டாவது எண் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போரைக் குறிப்பது. இரண்டும் ஆயிரம் பிறப்புகளுக்கு இத்தனை என்றே சொல்லப்படுகின்றன. இரண்டையும் 'குழந்தை இறப்பு வீதம்' என்னும் ஒரே பெயரால் தமிழில் தந்துவிட்டால், தமிழ் மட்டும் அறிந்த வாசகர் இவ்வேறுபாட்டைக் கண்டறிய வழியே இல்லை.

மக்கள்தொகையியலின் கணக்கு நெறிகளைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்நெறிகள் அனைத்தும் சில சொற்களின் வரையறையைச் சார்ந்து நிற்கின்றன என்பதையும், அச்சொற்கள் தளரும்போது இரு காலங்களுக்கு இடைப்பட்ட ஒப்பீடு எவ்வாறு பிழைபடுகிறது என்பதையும் காட்டுவதே இதன் நோக்கம். 'பிறப்பு' என்பது எது, 'குழந்தை' எவ்வயது வரை, 'ஒரு வயது' என்பது தொடங்கியதா முடிந்ததா என்பன மொழியியலாரின் கேள்விகள் போலத் தோன்றினும் இறப்புப் புள்ளிவிவரத்தின் அடிப்படைக் கேள்விகளும் அவையே.

தொகுதியும் பகுதியும்

ஒரு சிறு புதிருடன் தொடங்கலாம். மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 1971இல் இந்தியாவில் ஓராண்டுக்குட்பட்டோர் இறப்பு வீதம் 129. அதே ஆண்டில், அதே திட்டத்தின்படி, 0 முதல் 4 வயது வரை உள்ளோரின் இறப்பு வீதம் 51.9. ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 0-4 வயதுப் பிரிவில் அடங்குவர். அவர்களுடைய இறப்புகளோடு ஒன்று முதல் நான்கு வயதினரின் இறப்புகளும் சேர்ந்தபின் எண் பெருகவேண்டுமே அன்றிப் பாதிக்கும் கீழே இறங்குவது எங்ஙனம்?

விடை பின்னத்தின் பகுதியில் உள்ளது. முதல் வீதத்தில் பகுதியாக நிற்பது அவ்வாண்டில் நிகழ்ந்த உயிர்ப்பிறப்புகளின் எண்ணிக்கை. இரண்டாம் வீதத்தில் பகுதியாக நிற்பது அவ்வாண்டின் நடுவில் உயிருடன் இருந்த 0-4 வயதினர் அனைவரின் எண்ணிக்கை. அதாவது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பிறப்புகளில் எஞ்சியோர். முன்னது 'பிறந்த ஆயிரவரில் எத்தனை பேர்' என்று கேட்கிறது. பின்னது 'இருக்கின்ற ஆயிரவரில் ஓராண்டில் எத்தனை பேர்' என்று கேட்கிறது. மூன்றாவதாக, குடும்பநல ஆய்வுகள் தரும் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு வீதமோ உண்மையில் வீதமே அன்று. இப்போதைய வயதுவாரி இறப்பு நிலை மாறாதிருந்தால், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்தாம் வயதை நிறைவு செய்யாமல் இறப்பர் என்னும் நிகழ்தகவு அது. இம்மூன்றையும் ஆங்கிலம் 'ரேட்' என்ற ஒரே சொல்லால் வழங்குகிறது. ஆகவே குழப்பம் மூலமொழியிலேயே தொடங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்.

முதல் வீதத்திலும் ஒரு நுட்பமான ஓட்டை உண்டு. ஓர் ஆண்டில் இறக்கும் கைக்குழந்தைகளில் சிலர் முந்தைய ஆண்டில் பிறந்தவர்கள். பிறப்பெண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்வரை இதனால் கேடில்லை. முதல் உலகப்போர் முடிந்தபின் இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றில் பிறப்புகள் 1919இல் சுமார் 6,92,000ஆக இருந்து 1920இல் சுமார் 9,58,000ஆக உயர்ந்தன. 1920இல் இறந்த குழந்தைகளுள் ஒரு பகுதியினர் 1919இன் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் வகுக்கப்பட்டதோ 1920இன் பெரிய கூட்டத்தால். அவ்வாண்டின் வீதம் உண்மை நிலையைவிடச் சற்றுத் தாழ்ந்தே தோன்றும். போர், பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவற்றை அடுத்த ஆண்டுகளை ஒப்பிடுவோர் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம்.

இளமைப் பெயர்கள்

தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைத் தருகிறது. அவற்றுள் மக்களுக்கு உரியனவாகக் குழவி, மகவு என்னும் இரண்டை மட்டுமே விதிக்கிறது. இப்பெயர்கள் எவ்வுயிரின் இளமை என்பதைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு எவ்வயதின் இளமை என்பதைப் பிரித்துக் காட்டுவதில்லை. வயதைப் பிரித்த மரபு பிள்ளைத்தமிழ் மரபு. ஆயினும் அம்மரபு மூன்றாம் திங்களில் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை செல்வதாகப் பாட்டியல் நூல்கள் கூறும். குழந்தையின் உயிருக்கு மிகுந்த ஆபத்துள்ள முதல் நான்கு வாரங்கள் அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

எனவே புள்ளியியல் வேண்டும் வயதுப் பிரிவுகளுக்குத் தமிழில் பெயர்கள் புதிதாக வரையறுக்கப்பட வேண்டியிருந்தது. இந்தி 'சிசு', 'பால்' என்னும் இரு வடசொற்களை முறையே ஓராண்டுக்குட்பட்டோர்க்கும் அதற்கு மேற்பட்டோர்க்கும் ஒதுக்கிக்கொண்டது. மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் 'சிசு' என்பதையே முதற்பிரிவுக்குக் கொண்டன. தமிழிலும் அரசு வழக்கில் 'சிசு மரண விகிதம்' வேரூன்றியுள்ளது. தூய வழக்கை விரும்பியோர் அதனைக் 'குழந்தை இறப்பு வீதம்' என்று மாற்றினர். சிக்கல் இங்குதான் பிறந்தது. 'குழந்தை' என்பது பிறந்த நாள் தொட்டுப் பள்ளிப் பருவம் வரை பரந்து கிடக்கும் சொல். வடசொல்லை நீக்கிய கையோடு வயதெல்லையும் நீங்கிவிட்டது.

'சிசு'வை அப்படியே வைத்துக்கொண்டாலும் இடர் தீர்வதில்லை. இக்காலத் தமிழில் அச்சொல் பிறவாத கருவையும் குறிக்கிறது. வயிற்றிலுள்ள சிசு, சிசுவின் வளர்ச்சி, சிசுவின் பாலினம் என்னும் தொடர்கள் செய்தித்தாள்களில் இயல்பாக வழங்குகின்றன. 'பெண் சிசுக்கொலை' என்பது பிறந்த பெண் மகவைக் கொல்வதைக் குறிக்க எழுந்த தொடர். கருவிலேயே அழிப்பதற்கும் அது இன்று நீட்டி வழங்கப்படுகிறது. ஆகவே 'சிசு மரணம்' என்பதைக் காணும் பொது வாசகர் ஒருவர் அதில் கருச்சிதைவும் உயிரற்ற பிறப்பும் அடங்கும் எனக் கருதினால் அவரைக் குறைகூற இயலாது. புள்ளியியலோ அவ்விரண்டையும் கண்டிப்பாக விலக்குகிறது. இந்நிலையில், அழகற்றதாயினும் 'ஓராண்டுக்குட்பட்டோர் இறப்பு வீதம்' என்று எழுதுவதே தக்கது. 'ஐந்து வயதுக்குட்பட்டோர்' என்பதோடு அது இணையாக நிற்கும். வயதெல்லை பெயரிலேயே வெளிப்படும்.

'விகிதம்', 'வீதம்' என்பன பற்றியும் ஒன்று கூறவேண்டும். பேச்சு வழக்கில் 'ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம்' என்பதில் உள்ள வீதம் ஓர் அலகுக்கு இவ்வளவு என்னும் பொருளது. புள்ளியியலுக்கு அது நன்கு பொருந்தும். ஆனால் 'சதவீதம்' என்னும் கூட்டுச்சொல் மிகப் பழகிவிட்டமையால், 'இறப்பு வீதம் 28' என்பது நூற்றுக்கு 28 எனப் படிக்கப்படும் அபாயம் உண்டு. ஆயிரத்துக்கு 28 என்பது நூற்றுக்கு 2.8. பத்து மடங்கு பிழை ஒரு சொல்லின் விடுபாட்டில் நேர்ந்துவிடும். 'ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு' என்னும் அடை ஒவ்வோர் அட்டவணையிலும் திரும்பத் திரும்ப வருவது அலுப்பூட்டுவதாயினும் அதனை நீக்கலாகாது.

பெயரிலிருந்து வயது

குழந்தை இறப்பை எண்ணால் மதிப்பிட்ட மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்று, முழுக்க முழுக்கச் சொற்பொருள் ஆய்வாக அமைந்தது என்பது மொழியியலார் அறிந்து மகிழத்தக்க செய்தி. லண்டன் துணிவணிகரான ஜான் கிராண்ட் 1662இல் வெளியிட்ட நூலில், அந்நகரின் கோயிற்பற்றுகள் வாரந்தோறும் வெளியிட்டுவந்த இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்தார். அப்பட்டியல்களில் இறந்தோரின் வயது இல்லை. 1728இல்தான் வயது அவற்றில் இடம்பெறலாயிற்று. கிராண்டின் கையில் இருந்தவை இறப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களின் பெயர்கள் மட்டுமே. அப்பெயர்களைத் தந்தவர்களும் மருத்துவர்கள் அல்லர். இறந்தவரின் உடலைப் பார்வையிட்டுச் சொல்லுமாறு ஆணையிட்டு அமர்த்தப்பட்ட முதிய பெண்டிர் அவர்கள்.

கிராண்ட் அப்பெயர்களுள் எவை குழந்தைகளுக்கே உரியவை என்று பிரித்தார். வாய்ப்புண், வலிப்பு, எலும்புமென்மை நோய், பல், புழு என்னும் காரணங்களால் இறந்தோரும், கருச்சிதைவு, 'கிரிசம்', 'இன்ஃபன்ட்', கல்லீரல் வீக்கம், உறக்கத்தில் பெரியவர் உடலடியில் அழுந்தியது என்னும் தலைப்புகளில் வருவோரும் நான்கைந்து வயதுக்குட்பட்டோரே எனக் கொண்டார். 'பல்' ஒரு நோயன்று. பல் முளைக்கும் பருவத்தில் இறந்த குழந்தை என்பதே அதன் பொருள். 'கிரிசம்' என்பதும் நோயன்று. திருமுழுக்கின்போது குழந்தைக்கு அணிவிக்கும் வெள்ளாடையின் பெயர் அது. அவ்வாடைக்குரிய முதல் மாதத்திலேயே இறந்த குழந்தையையும் அப்பெயரால் வழங்கினர். காரணப் பட்டியல் என்னும் போர்வையில் வயதுப் பட்டியல் ஒன்று மறைந்திருந்ததைக் கிராண்ட் கண்டார்.

இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த 2,29,250 இறப்புகளில் 71,124 மேற்கண்ட தலைப்புகளில் வந்தன. பெரியம்மை, தட்டம்மை முதலியவற்றால் இறந்த 12,210 பேரில் பாதியினர் ஆறு வயதுக்குட்பட்டோர் எனக் கருதி அவர்களையும் சேர்த்தார். கொள்ளைநோயால் இறந்த சுமார் 16,000 பேரை மொத்தத்திலிருந்து நீக்கினார். எஞ்சிய 2,13,250இல் 77,229 என்பது நூற்றுக்கு 36. ஆறு வயதுக்குள் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் இறக்கின்றனர் என்பது அவர் முடிவு.

இந்த 36ஐ ஆயிரத்துக்கு 360 என மாற்றி, 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு இந்தியாவுக்குத் தரும் 41.9 என்னும் ஐந்து வயதுக்குட்பட்டோர் வீதத்தோடு ஒப்பிடும் ஆசை எவர்க்கும் எழும். ஒப்பிடுவதற்குமுன் இரண்டைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, கிராண்டின் தொகுதியில் கருச்சிதைவும் உயிரற்ற பிறப்பும் அடங்கியுள்ளன. இரண்டாவதே பெரிது. அவருடைய பகுதி பிறப்புகளின் எண்ணிக்கை அன்று, இறப்புகளின் எண்ணிக்கை. இறப்போரில் எத்தனை பேர் குழந்தைகள் என்பதும் பிறப்போரில் எத்தனை பேர் குழந்தைப் பருவத்தில் இறக்கின்றனர் என்பதும் வெவ்வேறு கேள்விகள். பிறப்பும் இறப்பும் சமமாக, குடிபெயர்வு இன்றி, மாறா நிலையில் இருக்கும் ஊரில்தான் இரண்டுக்கும் விடை ஒன்றாக அமையும். லண்டனுக்கோ வெளியூர்களிலிருந்து வளர்ந்தோர் வந்து குவிந்து, அங்கேயே இறந்துகொண்டிருந்தனர். அவர்கள் பகுதியைப் பெருக்கினர். ஆகவே அந்நகரில் பிறந்த குழந்தைகளின் உண்மை இறப்பு கிராண்ட் கணித்ததைவிட மிகுதியாக இருந்திருத்தல் கூடும். இவ்விரு திருத்தங்களும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிராண்ட் எழுப்பிய இன்னொரு கேள்வி இன்றும் காலவாரி ஒப்பீட்டாளர் அனைவர்க்கும் உரியது. எலும்புமென்மை நோய் பட்டியலில் முதன்முதலாக 1634இல் வருகிறது. அவ்வாண்டு முழுவதற்கும் 14 பேர். இந்நோய் அப்போதுதான் தோன்றியதா, முன்பே இருந்த நோய்க்கு அப்போதுதான் பெயர் கிடைத்ததா என்று அவர் வினவினார். அதற்கு நெருங்கிய பழைய பெயர் கல்லீரல் வீக்கம் எனத் தேர்ந்து, புதுப்பெயர் ஏறும்போது பழம்பெயர் அதற்கேற்ப இறங்குகிறதா என்று எண்களைப் பார்த்தார். இறங்காமையால் நோயே புதிது என முடிவு செய்தார். முடிவு எதுவாயினும் முறை செம்மையானது. பின்வந்த காலத்தில் அதே பட்டியல்களில் 'கிரிசம்' தேய்ந்து மறைய, 'வலிப்பு' பெருகிற்று. குழந்தைகள் திடீரென வலிப்பால் இறக்கத் தொடங்கினர் என்று கொள்வதைவிட, ஒரு பெயரின் வழக்கு வீழ அதன் இடத்தை மற்றொரு பெயர் கொண்டது என்று கொள்வதே பொருத்தம்.

இந்தியாவில் இன்றும் பெரும்பாலான இறப்புகளுக்கு மருத்துவச் சான்று கிடைப்பதில்லை. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் களப்பணியாளர்கள் இறந்தவரின் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அந்தந்த வட்டார மொழியிலேயே எழுதிவர, மருத்துவர்கள் அதைப் படித்து நோய்க் குறியீடு இடுகின்றனர். தமிழகத்தில் தாயொருத்தி 'மாந்தம்' என்று சொல்வதைச் செரிமானக் கோளாறு என்பதா, வலிப்பு என்பதா, வயிற்றுப்போக்கு என்பதா என முடிவு செய்வது ஒரு மொழிபெயர்ப்புச் செயலே. லண்டன் முதியோளின் இடத்தில் களப்பணியாளரும் கிராண்டின் இடத்தில் மருத்துவரும் இருக்கின்றனர்.

பிறப்பின் எல்லை

உயிர்ப்பிறப்பு என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1950இல் வரையறை தந்தது. கருவின் கால அளவு எதுவாயினும், தாயிடமிருந்து பிரிந்தபின் மூச்சோ நாடித்துடிப்போ தசை அசைவோ ஏதேனும் ஓர் உயிர்க்குறி காட்டியது உயிர்ப்பிறப்பு. எளியதாகத் தோன்றும் இவ்வரையறையை எல்லா நாடுகளும் ஒரே காலத்தில் பின்பற்றவில்லை. பிரான்சில் 1806ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்படி, பதிவாளர் முன் கொண்டுவரும்போது இறந்திருந்த குழந்தை 'உயிரின்றிக் காட்டப்பட்டது' என்றே பதியப்பட்டது. பிறந்து ஒருநாள் வாழ்ந்து இறந்ததும் பிறக்கும்போதே இறந்திருந்ததும் அத்தொடரில் ஒன்றாயின. சோவியத் ஒன்றியத்தில், 28 வாரங்களுக்கு முன் பிறந்து, 1000 கிராமுக்குக் குறைந்த எடையோ 35 சென்டிமீட்டருக்குக் குறைந்த நீளமோ உடைய குழந்தை ஏழு நாள்களுக்குள் இறந்துவிட்டால் அது பிறப்பாகவும் கொள்ளப்படவில்லை, இறப்பாகவும் கொள்ளப்படவில்லை. ரஷ்யா 2012இல் 500 கிராம் எடையுள்ள குழந்தைகளையும் பதிவில் சேர்க்கத் தொடங்கியது. முந்தைய ஆண்டில் 7.4ஆக இருந்த வீதம் அவ்வாண்டில் 8.6ஆக உயர்ந்தது. குழந்தைகளின் நிலை கெட்டுவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எண்ணப்படாதிருந்தோர் எண்ணப்பட்டனர்.

தமிழ்நாட்டின் களத்தில் இவ்வெல்லை சட்டத்தால் அல்லாமல் இடக்கரடக்கலால் மங்குகிறது. இறந்த குழந்தையைப் பற்றி நேர்ச்சொல்லால் பேசத் தாய்மார் தயங்குவர். 'தவறிப்போச்சு', 'தங்கல' என்பனவே வழக்கு. பிள்ளை தங்கவில்லை என்பது மூன்றாம் மாதத்தில் கரு கலைந்ததையும் குறிக்கும். இறந்து பிறந்ததையும் குறிக்கும். பத்து நாள் இருந்து போனதையும் குறிக்கும். முதலிரண்டும் வீதத்தில் சேரா, மூன்றாவது சேரும். முன்னே பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்த மகவுக்குக் குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி எனப் பெயரிட்டுக் காக்க முயன்ற வழக்கம் இப்பேச்சு மரபோடு ஒட்டியதே. அப்பெயர்கள் பதிவேடு காணாத இறப்புகளுக்குச் சான்றாகப் பல குடும்பங்களில் நிற்கின்றன.

குடும்பநல ஆய்வுகளின் வினாப்படிவம் இத்தயக்கத்தை அறிந்தே அமைக்கப்பட்டது. உயிரோடு பிறந்து பின் இறந்த ஆண்மகவோ பெண்மகவோ உண்டா என முதலில் கேட்கிறது. இல்லை என்ற விடை வந்தால் அங்கு நிற்பதில்லை. பிறந்தவுடன் அழுது, அல்லது உயிருக்குரிய ஏதேனும் ஓர் அறிகுறி காட்டி, சிறிது நேரமே இருந்த குழந்தை உண்டா எனத் தூண்டிக் கேட்கிறது. இத்தூண்டு வினாவின் தமிழாக்கம் ஒரு நாட்டின் புள்ளிவிவரத்தையே அசைக்கவல்லது. 'உயிருள்ள பிறப்பு' என்பது போன்ற ஏட்டுத் தொடரால் கேட்டால் விடை கிடைக்காது. 'பிறந்து அழுததா, கைகால் அசைத்ததா' என்று கேட்டால் கிடைக்கும். ஓர் ஆய்வில் முன்னதும் அடுத்த ஆய்வில் பின்னதும் வழங்கினால், இறப்பு உயர்ந்துவிட்டது போன்ற தோற்றம் எழும்.

முடிந்த வயதும் நடக்கும் வயதும்

வயதைச் சொல்லும் முறையிலும் இத்தகைய இடர் உண்டு. 'ஒரு வயசுல போயிடுச்சு' என்பதற்கு ஓராண்டு நிறைந்தபின் என்றும், முதலாம் ஆண்டு நடக்கையில் என்றும் இருவகையாகப் பொருள் கொள்ள இயலும். தமிழ் வழக்கில் வயது முடிந்ததாகவும் சொல்லப்படும், நடப்பதாகவும் சொல்லப்படும். அன்றியும், பத்து, பதினொன்று, பதின்மூன்று மாதங்களில் நேர்ந்த இறப்புகளை முழுமையான எண்ணை நாடி 'ஒரு வருசம்' என்று சொல்லிவிடுவது எல்லா மொழியினரிடமும் காணப்படும் இயல்பு. இதனால் பன்னிரண்டாம் மாதத்தில் இறப்புகள் குவிந்து தோன்றும். ஓராண்டுக்குள் நேர்ந்த சில இறப்புகள் ஓராண்டுக்கு மேற்பட்ட பிரிவுக்கு நழுவிவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட இறப்புகளை மாதக் கணக்கிலும், ஒரு மாதத்துக்குட்பட்டவற்றை நாள் கணக்கிலும் குறிக்கவேண்டும் என்று களப்பணியாளர்க்கு அறிவுறுத்துவது இதனால்தான்.

இக்குவிவு ஓராண்டு எல்லையைக் குலைக்கிறதே அன்றி ஐந்தாண்டு எல்லையைத் தொடுவதில்லை. வெவ்வேறு காலத்து ஆய்வுகளை ஒப்பிடுவோர் ஐந்து வயதுக்குட்பட்டோர் வீதத்தை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

ஒத்ததை ஒத்ததோடு

ஒரே நிறுவனம், ஒரே வகை வினாப்படிவம், ஒரே வரையறை என அமைந்த இரு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்தால் கிடைக்கும் காட்சி வேறு. முதலாம் குடும்பநல ஆய்வில், பிறந்த முதல் மாதத்தில் இறப்போர் ஆயிரம் பிறப்புகளுக்கு 48.6; எஞ்சிய பதினொரு மாதங்களில் 29.9, ஆக ஓராண்டுக்குள் 78.5. ஓராண்டு நிறைந்து ஐந்து வயதுக்குள் இறப்போர் 33.4. ஐந்து வயதுக்குட்பட்டோர் மொத்த வீதம் 109.3. இங்கு ஒரு கணக்குப் பிழை இருப்பதாக மொழிபெயர்ப்பாளர் ஐயுறலாம், 78.5ஐயும் 33.4ஐயும் கூட்டினால் 111.9 அல்லவா வரவேண்டும்? பிழையன்று. 33.4 என்பது பிறந்த ஆயிரவரில் அன்று, முதலாண்டைக் கடந்த ஆயிரவரில் இறப்போர். பகுதி மாறியதால் கூட்டல் செல்லாது. தப்பிப் பிழைப்போரின் பங்குகளைப் பெருக்கியே மொத்தம் காணவேண்டும். அட்டவணைக் குறிப்பில் வரும் 'முதலாண்டைக் கடந்தோரில்' என்னும் சொற்களை இடநெருக்கடி கருதி விட்டுவிடும் பதிப்பாசிரியர் வாசகரைத் தவறான கூட்டலுக்கு அழைக்கிறார்.

ஐந்தாம் ஆய்வில் அதே வரிசையில் 24.9, 10.3, 35.2, 6.9, மொத்தம் 41.9. ஓராண்டுக்கு மேல் ஐந்துக்குள் நேரும் இறப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தட்டம்மைத் தடுப்பூசியும் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் காக்கக்கூடிய வயது அது. முதல் மாத இறப்போ பாதியாகத்தான் குறைந்தது. மொத்த வீதத்தில் முதல் மாதத்தின் பங்கு 44 விழுக்காட்டிலிருந்து 59 விழுக்காடாக ஏறியுள்ளது. குறைப்பிரசவம், பிறப்பின்போது மூச்சுத்திணறல், நச்சுத்தொற்று ஆகியவை அம்மாதத்தின் முதன்மைக் காரணங்கள். அவற்றுக்கு வேண்டுவது பேறுகால மருத்துவமனையும் பயின்ற செவிலியரும்.

இவ்வறிக்கைகளைத் தமிழில் படித்துத் திட்டமிடும் ஊராட்சி உறுப்பினருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் 'குழந்தை இறப்பு 109இலிருந்து 42ஆகக் குறைந்தது' என்ற ஒரு வரி மட்டும் போய்ச் சேர்ந்தால், இறப்பு எந்த வயதில் தங்கிவிட்டது என்பது தெரியாது. 'பச்சிளங்குழந்தை இறப்பு' என்னும் தொடர் வழக்கில் உள்ளது, நல்ல தொடர். ஆனால் பச்சிளங்குழந்தை எத்தனை நாள் வரை என்று கேட்டால் ஊர் வழக்கில் ஒருவர் மூன்று மாதம் என்பார், ஒருவர் தவழும் வரை என்பார். பன்னாட்டு வழக்கில் அது 28 நாள். குடும்பநல ஆய்வில் முதல் மாதம். ஆகவே அத்தொடர் முதன்முறை வரும் இடத்திலேனும் நாட்கணக்கை உடன் தருதல் வேண்டும்; பட்டியலின் தலைப்பிலும் அது இடம்பெறுதல் வேண்டும். அடிக்குறிப்பில் தள்ளினால் அடுத்த முறை எடுத்தாள்பவர் அதனைக் கைவிட்டுவிடுவார்.